சைக்கிளுக்கு மோட்டார்: முன் சக்கரத்திலா, பின் சக்கரத்திலா, பெடல் நடுவிலா?

"இருக்கிற சைக்கிளில் மோட்டார் போடப் போகிறேன், எத்தனை வாட் வாங்கட்டும்?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். வாட் கணக்கு அப்புறம். முதலில் ஒரு காந்தத்தை எடுத்துப் போய் உங்கள் சைக்கிளின் முன் ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைக் கவ்வி நிற்கும் இரட்டைக் கால்), அதன் நுனியில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் அலுமினியம், அல்லது கார்பன். எந்த கிட் (மோட்டாரும் அதன் துணைப் பொருள்களும் அடங்கிய தொகுப்பு) வாங்கலாம் என்ற குழப்பத்தில் பாதி அந்தக் காந்தத்திலேயே தீர்ந்துவிடும். ஏன் என்பதை முன் சக்கர மோட்டார் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

நான் இதுவரை மூன்று சைக்கிள்களை என் கையால் மாற்றியிருக்கிறேன். ஒன்று முன் சக்கர மோட்டார், ஒன்று பின் சக்கர மோட்டார், ஒன்று பெடல் நடுவில் பொருத்துவது. மூன்றையும் ஓட்டித் தேய்த்த அனுபவத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்றுதான்: மோட்டாரைத் தேர்ந்தெடுப்பது நாம் அல்ல, சைக்கிளும் நாம் போகும் பாதையும்தான். அந்த இரண்டையும் அளக்காமல் வாங்கிய கிட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மூலையில்தான் கிடக்கும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, ஆக்சில் (சக்கரத்தின் நடு அச்சு) உட்காரும் இடம். ஃபோர்க்கின் நுனியிலும் பின் பக்கச் சட்டத்திலும் ஆக்சில் நுழைகிற வாய் இருக்கிறதே, அது என்ன உலோகம், எவ்வளவு தடிமன், இரண்டு பக்க வாய்களுக்கும் இடையே எத்தனை மி.மீ. என்று பார்க்க வேண்டும். முன்னால் பெரும்பாலும் 100 மி.மீ. இருக்கும். பின்னால்தான் சிக்கல்: கியர் இல்லாத சைக்கிளில் 110 முதல் 120, பழைய கியர் சைக்கிளில் 126, ரோடு சைக்கிளில் 130, மலைச் சைக்கிள் வகையில் 135 மி.மீ. என்று பலவாக இருக்கிறது.

இரண்டாவது, பாதையின் ஏற்றம். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், காற்று வீசாத சமதளத்தில் 25 கி.மீ. வேகத்தில் போகச் சுமார் 175 வாட் தேவை. அதே வண்டி 5 சதவீத ஏற்றத்தில் 15 கி.மீ. வேகத்தில் ஏறச் சுமார் 260 வாட் தேவை. சமதளத்தில் வேகத்தை 32 கி.மீ. ஆக்கினால் 320 வாட்டைத் தாண்டிவிடும். 7 கி.மீ. வேகம் கூடியதற்குச் சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. காற்றுத் தடைக்கான சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறுவதே காரணம். சாதாரண உடல்நிலை உள்ளவர் களைப்பில்லாமல் 75 முதல் 100 வாட் மிதிப்பார். ஆகவே மிதித்துக்கொண்டே போகிறவருக்குச் சமதளத்திலும் சிறிய ஏற்றத்திலும் 250 வாட் மோட்டார் தாராளம். பெட்டியில் 250 என்று போட்டிருந்தாலும் அது தொடர்ந்து தாங்கும் அளவுதான். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் 15 ஆம்பியர், பேட்டரி 36 வோல்ட் என்றால் சில நிமிடங்களுக்கு 540 வாட் வரை பேட்டரியிலிருந்து இழுக்கும். எனவே வாட் எண்ணைவிடக் கன்ட்ரோலரின் ஆம்பியரைக் கேட்டு வாங்குவதுதான் உருப்படியான விசாரணை.

மூன்றாவது, பேட்டரி தீர்ந்துபோன அன்று எப்படி மிதிக்கிறது என்பது. நான்காவது, பஞ்சர் ஆன அன்று என்ன ஆகிறது என்பது. கடைசி இரண்டையும் யாரும் வாங்குவதற்கு முன் யோசிப்பதில்லை. வாங்கிய பிறகு வேறு எதையும் யோசிக்க விடாதவையும் இவைதான்.

## முன் சக்கர ஹப் மோட்டார்

ஹப் என்றால் சக்கரத்தின் மையம், மோட்டார் அதற்குள்ளேயே இருக்கும். பொருத்துவதற்கு இதைவிட எளிதானது கிடையாது. பழைய முன் சக்கரத்தைக் கழற்றி, மோட்டார் உள்ள சக்கரத்தை மாட்டி, வயரைக் கன்ட்ரோலருக்கு இழுத்தால் வேலை பெரும்பாலும் முடிந்தது. பின் பக்கக் கியர், செயின் எதையும் தொட வேண்டாம். பேட்டரியைக் கேரியரில் வைத்தால் முன்னும் பின்னும் எடை சமமாகிறது.

ஆனால் இங்கேதான் அந்தக் காந்தம் வருகிறது. மோட்டார் சக்கரத்தை முன்னே தள்ளும்போது ஆக்சிலைப் பின்னோக்கித் திருக முயல்கிறது. சாதாரண சைக்கிள் ஆக்சிலுக்கு இந்த வேலையே கிடையாது. அது சும்மா உட்கார்ந்திருக்கும். சிறிய கியர் மோட்டாருக்கு 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்று வையுங்கள். ஆக்சிலின் இரு பக்கமும் தட்டையாகச் சீவிய பகுதி சுமார் 10 மி.மீ. அகலம். 40-ஐ 0.01 மீட்டரால் வகுத்தால் 4000 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 400 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். இரண்டு வாய்களும் பங்கு போட்டுக்கொண்டாலும் ஒவ்வொன்றின் மேலும் 200 கிலோ. நட் இறுக்கமாக இருக்கும்வரை அதன் பிடி இதில் பெரும்பங்கைத் தாங்கும். நட் ஒரு சுற்று தளர்ந்தால் முழு விசையும் அந்த மெல்லிய உதட்டின் மேல் விழும். இரும்பு உதடு வளையும், எச்சரிக்கை கொடுக்கும். அலுமினிய உதடு சட்டென்று விண்டுவிடும்.

என் முதல் சைக்கிளில் அதுதான் நடந்தது. ஷாக் அப்சார்பர் உள்ள அலுமினிய ஃபோர்க், ஆக்சிலைச் சுழலவிடாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம் இல்லை. நின்ற இடத்திலிருந்து ஆக்சிலரேட்டரைத் திருகியதும் 'தக்' என்று ஒரு சத்தம். ஆக்சில் வாய்க்குள்ளேயே அரைச் சுற்று சுழன்று, மோட்டார் வயரைக் கொடிபோல் சுற்றி அறுத்துவிட்டது. இடது பக்க வாய் விரிந்து கிடந்தது. வண்டி நகரவே ஆரம்பிக்காததால் காலை ஊன்ற முடிந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது முன் சக்கரம் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

எனவே முன் சக்கர மோட்டார் என்றால் இரும்பு ஃபோர்க் கட்டாயம். அதிலும் டார்க் ஆர்ம் கட்டாயம். டார்க் ஆர்ம் என்பது ஆக்சிலின் தட்டைப் பகுதியைக் கவ்விக்கொண்டு, மறு முனையை ஃபோர்க் குழாயோடு சேர்த்துக் கட்டும் இரும்புத் தகடு. விசையை 10 மி.மீ. தூரத்தில் தாங்குவதற்குப் பதிலாக 10 செ.மீ. தூரத்தில் தாங்குவதால் சுமை பத்தில் ஒரு பங்காகிறது. கிட்டோடு வரும் கொக்கி வாஷரை மட்டும் நம்ப வேண்டாம். அலுமினிய, கார்பன் ஃபோர்க்குகளுக்கு என் பதில் ஒன்றுதான்: வேண்டாம்.

இன்னும் இரண்டு சங்கதி. முன் ஃபோர்க்கின் வாய் பல சைக்கிள்களில் 9 மி.மீ. அகலம்தான், மோட்டார் ஆக்சில் 10. அரத்தால் ராவ வேண்டியிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு ராவாவிட்டால் சக்கரம் சாய்ந்து நிற்கும். அப்புறம், மணலிலும் ஈரமான ஏற்றத்திலும் முன் சக்கரம் சறுக்கிச் சுற்றும், ஏனென்றால் ஏறும்போது எடை முழுக்கப் பின்னால் போய்விடுகிறது.

இது பொருந்துவது: இரும்பு ஃபோர்க், சமதளம், பின் சக்கரத்தைத் தொட விருப்பமில்லாத நிலை.

## பின் சக்கர கியர் ஹப் மோட்டார்

பெரும்பாலானோருக்கு நான் சொல்வது இதைத்தான். பின் பக்கச் சட்டத்தின் வாய் ஃபோர்க்கைவிடத் தடிமனானது, ஏறி உட்கார்ந்த ஆளின் எடை அந்தச் சக்கரத்தின் மேல் இருப்பதால் சறுக்கலும் குறைவு. இங்கும் டார்க் ஆர்ம் போடுங்கள்.

இந்த மோட்டாரின் உள்ளே சிறிய மோட்டார் ஒன்று வேகமாகச் சுழல்கிறது. அதைச் சுற்றியுள்ள மூன்று நைலான் பற்சக்கரங்கள் அந்த வேகத்தை நான்கில், ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கின்றன. கூடவே ஒரு ஃப்ரீவீல் கிளட்ச் உண்டு. அதனால் மோட்டாரை நிறுத்திவிட்டு மிதித்தால் சாதாரண சைக்கிள் போலவே ஓடும். எடைதான் இரண்டு மூன்று கிலோ கூடுதல். பேட்டரி தீர்ந்த அன்று இதன் அருமை தெரியும். நைலான் பற்கள் காலப்போக்கில் தேயும், ஆனால் அவற்றை மட்டும் தனியாக மாற்றலாம். 'உய்ங்' என்ற மெல்லிய சத்தம் வழக்கத்தைவிடக் கூடினால், பற்களைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மறைந்திருக்கும் செலவு இடைவெளியில் இருக்கிறது. கிட்டில் வரும் மோட்டார் பெரும்பாலும் 135 மி.மீ.க்கானது. 130 இருந்தால் இரும்புச் சட்டத்தைக் கையால் சற்று விரித்து மாட்டிவிடலாம். 120 என்றால் அப்படிச் செய்யக் கூடாது. அந்த அளவுக்கென்றே விற்கும் மோட்டாரைத் தேட வேண்டும். அலுமினியச் சட்டத்தை எந்த அளவிலும் விரிக்கக் கூடாது. கியர் பற்சக்கரத் தொகுதியும் கவனிக்க வேண்டியது. பல கிட்கள் மரையில் திருகும் பழைய வகை ஃப்ரீவீலை மட்டுமே ஏற்கும். உங்களிடம் இருப்பது திருகாமல் செருகி மாட்டும் கேசட் வகை என்றால் அது உதவாது. புதிய ஃப்ரீவீல் வாங்கினால் கியர் லீவரும் பொருந்தாமல் போகலாம். ஆக ஒன்றோடு மூன்று செலவு.

பஞ்சர் விஷயத்தில் இதுதான் கடினம். வயர் கனெக்டரைப் பிரிக்க வேண்டும், வயரைக் கட்டிய பட்டைகளை வெட்ட வேண்டும், 18 மி.மீ. ஸ்பேனர் கையில் இருக்க வேண்டும், வாஷர்கள் கழன்ற வரிசையிலேயே திரும்ப மாட்ட வேண்டும். நான் இப்போது சக்கரத்தையே கழற்றுவதில்லை. வண்டியைக் கவிழ்த்து, டயரை ஒரு பக்கம் மட்டும் நெம்பி, டியூபை வெளியே இழுத்து, ஆணி குத்திய இடத்திலேயே ஒட்டு போட்டு உள்ளே தள்ளிவிடுகிறேன்.

இது பொருந்துவது: தினசரி போக்குவரத்து, சிறு ஏற்றங்கள், மிதிக்கவும் விரும்புகிறவர்கள்.

## கியர் இல்லாத டைரக்ட் டிரைவ் ஹப்

1895-ஆம் ஆண்டின் கடைசி நாளில் அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவருக்குப் பின் சக்கரத்தில் மின் மோட்டார் வைத்த சைக்கிளுக்கான காப்புரிமை கிடைத்தது. அதில் கியர் கிடையாது, சக்கர மையமே மோட்டார். இன்றைய டைரக்ட் டிரைவின் அடிப்படையும் அதேதான். இன்றைய வகையில் ஆக்சிலோடு சேர்ந்த சுருள் அசையாது, காந்தங்கள் ஒட்டிய வெளிக்கூடு சுழலும். பேரிங்கைத் தவிரத் தேய ஒன்றுமில்லை, சத்தமும் கிட்டத்தட்ட இல்லை.

விலை எடையில் இருக்கிறது: நான்கிலிருந்து ஏழு கிலோ. மின்சாரம் இல்லாமல் மிதித்தால் காந்தங்கள் இழுத்துப் பிடிக்கும். எதிர்காற்றில் போவது போல் இருக்கும். செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போது சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகிவிடும், மோட்டார் கையால் தொட முடியாத அளவு சுடும்.

பிரேக் பிடிக்கும்போது பேட்டரி சார்ஜ் ஆகும் என்பதைப் பெரிய வசதியாகச் சொல்வார்கள். சமதளத்தில் திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் 10 சதவீதத்துக்குள்தான். உண்மையான லாபம் பிரேக் கட்டைகள் நீண்ட நாள் உழைப்பது. அதற்கு ஈடாக ஆக்சில் முன்னும் பின்னும் மாறி மாறி முறுக்கப்படும், ஆகவே டார்க் ஆர்மில் இம்மியும் ஆட்டம் இருக்கக் கூடாது.

இது பொருந்துவது: நீண்ட சமதளப் பாதை, பாரம், மிதிப்பதில் ஆர்வமில்லாத நிலை.

## பெடல் நடுவில் மோட்டார்

மிட் டிரைவ் என்று சொல்கிறார்கள். ஹப் மோட்டாருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே கியர். இதுவோ செயின் வழியாகச் சக்தியைக் கொடுப்பதால் பின் பக்கக் கியர் எல்லாமே மோட்டாருக்கும் கிடைக்கிறது. ஏற்றத்தில் கியரைக் குறைத்தால், சக்கரம் மெதுவாகச் சுழலும்போதும் மோட்டார் தனக்கு இதமான வேகத்தில் சுழல்கிறது. மலைப்பாதையில் இதற்கு நிகர் இல்லை. எடையும் தாழ்வாக, நடுவில் இருக்கிறது. சக்கரங்கள் பழையவையே, பஞ்சர் பார்ப்பதும் பழையபடியே.

செலவு செயினில் தெரியும். மனிதக் காலும் மோட்டாரும் சேர்ந்து இழுப்பதால் செயினும் பற்சக்கரமும் விரைவில் தேயும். கியர் மாற்றும்போது மோட்டாரை ஒரு கணம் விடப் பழக வேண்டும், இல்லாவிட்டால் 'கடக்' என்று பல் இறங்கும். செயின் அறுந்தால் நடைதான். ஹப் மோட்டாரில் செயின் அறுந்தாலும் வீடு வந்து சேரலாம்.

பொருத்துவதற்குக் கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) கழற்றும் தனிக் கருவிகள் வேண்டும். பெடல் அச்சு போகும் குழாய் 68 முதல் 73 மி.மீ. அகலமும் உள்ளே மரையும் உள்ளதாக இருந்தால் பெரும்பாலான கிட்கள் பொருந்தும். பழைய சைக்கிள்களில் அளவும் மரையும் வேறாக இருக்கலாம், அளக்காமல் வாங்காதீர்கள். கியரே இல்லாத சைக்கிளில் இதைப் பொருத்துவது வீண், இதன் பலமே கியர்தான்.

இது பொருந்துவது: ஏற்றம் மிகுந்த பாதை, நல்ல கியர் சைக்கிள், அலுமினிய ஃபோர்க்.

## ஒரே பார்வையில்

| | முன் ஹப் | பின் கியர் ஹப் | டைரக்ட் டிரைவ் | மிட் டிரைவ் |
|---|---|---|---|---|
| பொருத்தும் சிரமம் | குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் | அதிகம் |
| மோட்டார் எடை | 2–3 கிலோ | 2–3.5 கிலோ | 4–7 கிலோ | 3.5–4 கிலோ |
| ஏற்றம் | சுமார் | நன்று | மெதுவான ஏற்றத்தில் சூடாகும் | மிக நன்று |
| மின்சாரம் இல்லாமல் மிதிப்பது | எளிது | எளிது | இழுக்கும் | எளிது |
| பஞ்சர் | பரவாயில்லை | சிரமம் | சிரமம் | பழையபடி |
| முதலில் தேய்வது | நைலான் பல் | நைலான் பல் | பேரிங் | செயின் |

முன் ஹப் என்று நான் கணக்கில் எடுத்தது கியர் உள்ள சிறிய வகையை.

## எல்லோருக்கும் பொதுவான செலவு: பேட்டரி

கிட் விலை என்று காட்டுவது பெரும்பாலும் பேட்டரி இல்லாத விலை. முழுக் கணக்கில் பெரும்பங்கு பேட்டரிக்கே போகும். எனவே கிட் வாங்கிவிட்டு மிச்சப் பணத்தில் பேட்டரி தேடுவதைத் தலைகீழாக்குங்கள். முதலில் நல்ல பேட்டரி, மிச்சத்தில் மோட்டார்.

36 வோல்ட், 10 ஆம்பியர் மணி என்றால் 360 வாட் மணி. மிதித்துக்கொண்டே போனால் ஒரு கி.மீ.க்கு 10 முதல் 12 வாட் மணி செலவாகும், சுமார் 30 கி.மீ. ஓடலாம். மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை மட்டும் திருகினால் 18, 20 என்று ஏறி, 20 கி.மீ.க்குள் தீர்ந்துவிடும். லித்தியத்தில் இந்த அளவு பேட்டரி இரண்டரை கிலோவைச் சுற்றி இருக்கும். ஈய அமிலத்தில் மூன்று பேட்டரிகள் சேர்ந்து 12 கிலோ வரை போகும். போதாததற்கு மோட்டார் வேகமாக இழுக்கும்போது அவை எழுதியிருக்கும் அளவைத் தருவதுமில்லை. விலை குறைவு என்பதற்காக அதை வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

36 வோல்ட் லித்தியம் பேட்டரி முழுதாக ஏறும்போது 42 வோல்ட். 48 வோல்ட் வகை 54.6. சார்ஜர்களின் முனைகள் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆகவே சார்ஜர் மேல் வோல்ட் எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். செல்களைக் காவல் காக்கும் மின்சுற்று உள்ளே இல்லாத பேட்டரி, கீழே விழுந்து நசுங்கிய பேட்டரி, உப்பிய பேட்டரி, இவை மூன்றும் வீட்டுக்குள் வரக் கூடாது. தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள், வாசலுக்குப் போகும் வழியிலும் போடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேற அந்த வழி வேண்டும்.

## ரிம் அளவும் பிரேக்கும்

26 அங்குலம் என்று சொன்னால் போதாது. அந்தப் பெயரில் 559 மி.மீ., 590 மி.மீ. என்று வேறு வேறு ரிம்கள் உண்டு. 28 அங்குலம் என்பது 622 ஆகவும் இருக்கும், பழைய உயரமான சைக்கிளில் 635 ஆகவும் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்த மி.மீ. எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். தவறினால் டயரே ஏறாது.

பிரேக்கை முதலிலேயே மாற்றிவிடுங்கள்: புதிய கட்டைகள், புதிய கேபிள், பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் லீவர். பல நாடுகளில் மோட்டாரின் வாட்டுக்கும் வேகத்துக்கும் வரம்பு உண்டு; ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட், மணிக்கு 25 கி.மீ. என்பது வரம்பு. அந்த வரம்பைத் தாண்டினால் உங்கள் வண்டி சட்டப்படி சைக்கிளே அல்ல, விபத்து நடந்தால் காப்பீடும் கேள்விக்குறியாகும்.

## மாற்றாமலே இருப்பது எப்போது நல்லது

சட்டத்தில் துரு ஓட்டை, விரிசல், அல்லது முன் பக்கம் கார்பன் ஃபோர்க்கும் பெடல் குழாயில் மரையில்லாத அமைப்பும் ஒன்றாக இருந்தால் தயாராக வரும் மின் சைக்கிளே மேல். கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை உணர்ந்து உதவும் சென்சார் அதில் எளிதாகக் கிடைக்கும். சாதாரண கிட்டில் வருவது பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டும் காந்தத்தால் பார்க்கும் சென்சார். அரைச் சுற்று தாமதித்து, பிறகு திடீரென்று தள்ளும். வயதானவர்களுக்கும் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கும் இந்த வித்தியாசம் பெரிது. தயார் வண்டியின் குறை, சில ஆண்டுகள் கழித்து அதே வடிவப் பேட்டரியைத் தேடி அலைவது. கிட் வண்டியில் வோல்ட் பொருந்தினால் எந்த வடிவப் பேட்டரியையும் கட்டிக்கொள்ளலாம்.

## பொருத்திய முதல் வாரம்

எந்த ஹப்பைத் தேர்ந்தெடுத்தாலும், வயர் ஆக்சிலிலிருந்து வெளிவரும் பக்கம் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், மோட்டாருக்குள் போகாது. ஆக்சில் நட்டை 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு நட்டின் மேலிருந்து சட்டம் வரை பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். தினமும் வண்டியை எடுக்கும் முன் குனிந்து அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு முறிந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது, அன்று வண்டியை எடுக்கக் கூடாது. முதல் 100 கி.மீ. ஓடியதும் ஒவ்வொரு ஸ்போக் கம்பியையும் விரலால் தட்டிப் பாருங்கள். மோட்டார் சக்கரத்தில் கம்பிகள் குட்டையானவை, புதிதாகக் கட்டியவை விரைவில் தளரும். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அதை அன்றே இறுக்கிக் கோட்டம் எடுத்துவிடுங்கள்.